படிக்கத் தடை போடும் நாடுகளைப் படைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எழுத்தாள நண்பர்களுக்கு,

வணக்கம். வாசிப்பைக் குற்றமாக்கிய ஒரு நாட்டைக் கதையில் கட்டி எழுப்புகிற எல்லோருக்கும் இந்த மடல். நாவல் எழுதுபவர்கள், சிறுகதைப் போட்டிக்கு அனுப்புபவர்கள், வரைபடம் போட்டுப் பெயர் வைத்து உலகம் உண்டாக்கிப் பார்ப்பவர்கள் என்று அனைவரையும் சேர்த்தே சொல்கிறேன். இந்த வகைக் கதை கையில் கிடைத்தால் முடிக்காமல் கீழே வைக்காத வாசகன் நான். அந்த உரிமையில்தான் இந்தப் புகார்.

உங்கள் நாடுகளில் தடை பலமாக இருக்கிறது. தடைக்கான காரணம்தான் நோஞ்சானாக இருக்கிறது. ஒரு கொடுங்கோல் மன்னன் இருப்பான், அல்லது முகமூடி போட்ட ஒரு சபை. மக்கள் சிந்திக்க ஆரம்பித்தால் ஆட்சி போய்விடும் என்று பயந்து நூல்களையெல்லாம் கொளுத்திவிடுவார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பெண் பரணிலிருந்து பழைய கவிதைப் புத்தகம் ஒன்றை எடுப்பாள். அப்புறம் நடப்பதை நானே சொல்லிவிடுவேன்.

நான் கேட்பது வேறு. அந்த மன்னனுக்கு வரி எவ்வளவு வந்தது என்று யார் குறித்து வைக்கிறார்கள்? எல்லைத் தகராறு வந்தால் எதைக் காட்டித் தீர்க்கிறார்கள்? விஷப் புட்டியையும் இருமல் மருந்தையும் எப்படிப் பிரித்து அறிகிறார்கள்? இதற்கெல்லாம் யாரோ ஒருவர் படித்தாக வேண்டும். படிக்கிற அந்த ஒருவர் யார் என்று கேட்ட மறுகணமே, தடை ஏன் வந்தது என்பதும் தெரிய ஆரம்பிக்கும். உங்கள் கதைகளில் பெரும்பாலும் இந்த ஆளைத்தான் காணோம்.

மன்னனின் பயம் பொய் என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் 1830ல் அடிமைகளுக்குப் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கியது. படிப்பு அவர்கள் மனத்தில் அதிருப்தியைக் கிளப்பும், கலகத்தில் கொண்டுபோய் விடும் என்று சட்டத்தின் முகப்பிலேயே பச்சையாக எழுதினார்கள். பயத்துக்குக் காரணமும் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு டேவிட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் பாஸ்டனில் அச்சிட்ட ஒரு சிறு பிரசுரம், மாலுமிகள் கைவழியே தெற்கு மாநிலங்களுக்குள் நுழைந்திருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு, அதைக் கவனியுங்கள்: எண்களை மட்டும் கற்றுக்கொடுக்கலாம். கலகத்துக்கு அவ்வளவு பயந்தவர்களும் கணக்கில் கை வைக்கவில்லை. எண்ணத் தெரியாத வேலையாள் முதலாளிக்குத்தானே நஷ்டம்! எழுதினவன் மூளை எப்படி வேலை செய்தது என்பது தடையைவிட அந்த விலக்கில்தான் நன்றாகத் தெரிகிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் என்ன விலக்கு இருக்கிறது? ஒன்றும் இல்லை என்றால், அந்தச் சட்டத்தை நீங்கள் இன்னும் எழுதவில்லை என்றே அர்த்தம்.

இன்னும் பின்னால் போனால் தென் கரோலினாவின் 1740ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், அதன் எதிரொலியாக வந்த சட்டம் அது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் 100 பவுன் அபராதம். படிப்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை! எழுத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்? அடிமை தோட்டத்தை விட்டு வெளியே நடமாட முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு வேண்டும். எழுதத் தெரிந்தவன் தன் சீட்டைத் தானே எழுதிக்கொள்வான். சிந்தனை, அறிவொளி போன்ற பெரிய சமாசாரங்களுக்குப் போகவே வேண்டாம், ஒரு துண்டுக் காகிதம் போதும். கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து மேரிலாந்தில் அடிமையாக இருந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் அதையேதான் செய்தார். 1836ல் தப்பிக்கத் திட்டமிட்டபோது தனக்கும் கூட்டாளிகளுக்கும் அவரே சீட்டு எழுதினார். யாரோ காட்டிக்கொடுத்து அந்தத் திட்டம் கெட்டது.

எட்டாம் ஹென்றியின் கதை இதற்கு நேர் எதிர். 1538ல் இங்கிலாந்தின் ஒவ்வொரு தேவாலயத்திலும் ஆங்கில பைபிள் இருக்க வேண்டும் என்று அவர் ஆட்சியில்தான் ஆணை போட்டார்கள். ஐந்தே ஆண்டில், 1543ல், இன்னொரு சட்டம். கைவினைஞர்கள், தொழில் பழகும் பையன்கள், வேலைக்காரர்கள், உழவர்கள், கூலிகள், சாதாரணக் குடும்பப் பெண்கள் யாரும் ஆங்கில பைபிளைப் படிக்கக் கூடாது. உயர்குடிப் பெண் தனியாக, தனக்கு மட்டும் படிக்கலாம். வணிகரும் அப்படியே. உயர்குடி ஆண் தன் குடும்பத்தாருக்கு உரக்கப் படித்துக் காட்டலாம். எவ்வளவு நுணுக்கமாக வெட்டியிருக்கிறார்கள் பாருங்கள். நூல் ஒன்றுதான், எழுத்தும் ஒன்றுதான். யார், யாருக்கு, எவ்வளவு சத்தமாக என்பதில்தான் சட்டமே இருக்கிறது. இதைப் படித்த பிறகு, "எல்லா நூல்களும் எல்லோருக்கும் தடை" என்ற உங்கள் மன்னனின் அறிவிப்பு கொஞ்சம் சோம்பேறித்தனமாகத் தெரிகிறதா, இல்லையா?

கி.மு. 213ல் சீனாவின் சின் பேரரசில் நூல்களை எரித்தபோதும் மருத்துவம், குறி பார்த்தல், பயிர்த்தொழில் சார்ந்த நூல்களை விட்டுவைத்தார்கள். அரசவை அறிஞர்களிடம் இருந்த பிரதிகளையும் தொடவில்லை. பேரரசரிடம் இந்த யோசனையைச் சொன்ன அமைச்சர் லி சி இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார்: சட்டம் கற்க விரும்புகிறவர் அதிகாரியை ஆசிரியராகக் கொள்ளட்டும். என்னைக் கேட்டால் தீயைவிடப் பயங்கரமானது இந்த ஒரு வரிதான். சாம்பலான நூலை எவனாவது மனப்பாடத்திலிருந்து மீட்டு எழுதிவிடலாம். ஆனால் எதைக் கேட்க வேண்டுமானாலும் அதிகாரியின் வாசலில் போய் நிற்க வேண்டும் என்று ஆகிவிட்டால், அவர் சொல்வதுதான் சட்டம். சரிபார்க்க வேறு பிரதி எங்கே இருக்கிறது?

சரி, இதுவரை சொன்னதெல்லாம் மேலிருந்து வரும் தடை. உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறு. இப்படி ஒரு கதையை நான் எங்கும் படித்ததில்லை, யாராவது எழுத மாட்டீர்களா என்று ஆசையாக இருக்கிறது. தடையை மக்களே கேட்டு வாங்கியிருந்தால்?

அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1381ல் இங்கிலாந்து உழவர்கள் கிளர்ந்தெழுந்தபோது ஊர் ஊராகத் தேடிப் போய் எரித்தது பண்ணை நீதிமன்றச் சுருள்களை. யார் யாருக்கு அடிமை, யார் என்ன கடமை செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருந்தது அதில்தான். கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழகத்தின் ஆவணங்களைச் சந்தை நடுவில் போட்டுக் கொளுத்தினார்கள். 1789 கோடையில் பிரெஞ்சு உழவர்கள் மாளிகைகளுக்குள் புகுந்து தேடியதும் நிலவரிப் பதிவேடுகளைத்தான். நான்கு ஆண்டு கழித்து, 1793 ஜூலையில், அந்த நிலப்பிரபுத்துவப் பத்திரங்களை எரிக்கும்படி புரட்சி அரசே ஆணையிட்டது. இவர்கள் யாரும் அறிவுக்கு எதிரிகள் அல்ல. அவர்களைப் பொறுத்தவரை எழுத்து என்பது கவிதையும் அல்ல, வேதமும் அல்ல. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் பாட்டன் கைநாட்டு வைத்த காகிதம். அதை வைத்துத்தான் பேரனின் வயலைப் பிடுங்கினார்கள்.

இப்போது ஒரு நாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் எழுதத் தெரிந்த நூறு குடும்பங்கள், தெரியாத லட்சம் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக ஏய்த்து வாழ்கின்றன. ஒரு நாள் பொறுமை போகிறது. ஆவணக் கிடங்குகள் எரிகின்றன. மறுநாள் சபை கூடி முடிவெடுக்கிறது: இனி இந்த நாட்டில் வாய்ச்சொல்தான் ஒப்பந்தம், நாலு பேர் முன்னால் சொல்லாத எதுவும் செல்லாது. எழுத்தால் எவனும் எவனையும் ஏமாற்ற முடியாதபடி எழுத்தையே ஒழித்துவிடுகிறோம். கூட்டத்தில் அழுகிறார்கள், கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் அங்கே இருந்திருந்தால் கை தூக்கியிருப்பேன். நீங்களும்தான்.

உங்கள் கதைக்கு வேண்டியது இந்தத் தடைதான். இதில் வில்லன் இல்லை. ஆண்டுதோறும் அந்த நாளை விழாவாகக் கொண்டாடுவார்கள். பாட்டிகள் அதைச் சொல்லும்போது பேத்திகளுக்குப் புல்லரிக்கும்.

அப்புறம் என்ன ஆகும்? நாலு பேர் முன்னால் சொன்னதை நாற்பது ஆண்டு கழித்து யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அதற்கென்று ஆட்கள் வேண்டும். நினைவாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்லவர்கள், நேர்மையானவர்கள், சிறு வயதிலேயே தேர்ந்தெடுத்துப் பழக்கியவர்கள். இன்றைய பிரான்ஸ் இருக்கும் பகுதியில் பழங்காலத்தில் இருந்த 'கால்' (Gaul) என்ற நாட்டில் துருயிதர்கள் என்ற பூசாரிகள் இப்படித்தான் இருந்தார்கள். சிலர் 20 ஆண்டுகள் வரை மனப்பாடம் செய்துகொண்டே பயின்றார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். மற்றக் காரியங்களுக்கெல்லாம் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினார்களாம், கணக்கு உட்பட. தங்கள் மறைபொருளை மட்டும் எழுத மாட்டார்களாம். இதற்குச் சீசர் இரண்டு காரணம் ஊகிக்கிறார்: கல்வி பாமரக் கூட்டத்தின் கையில் போய்விடக் கூடாது என்பது ஒன்று, மாணவர்கள் எழுத்தை நம்பி நினைவாற்றலைக் கோட்டை விட்டுவிடக் கூடாது என்பது இன்னொன்று.

இந்த இரண்டில் எது வெளியே சொல்கிற காரணம், எது உள்ளே வைத்திருக்கிற காரணம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் வெளியே சொல்கிற காரணம் பொய்யல்ல என்பதுதான் இதில் அழகு. எழுதி வைத்தால் மறந்துபோகும் என்பது உண்மைதானே! உங்கள் நாட்டுப் பெரியவர் ஒருவர் இதைச் சொல்லும்போது வாசகன் தலையாட்ட வேண்டும். தலையாட்டிய பிறகு அவனுக்கே கொஞ்சம் திக்கென்று இருக்க வேண்டும். அவர் வாயில் ஒரு முட்டாள்தனத்தை வைத்துவிட்டு, கதாநாயகியை வைத்து அதைத் தோற்கடிப்பதில் என்ன பெருமை?

நினைவாளர்களையும் பொய்யர்களாக ஆக்கிவிடாதீர்கள். தலைமுறைக்கு ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும். "ஆறு வரைக்கும் உன் நிலம்" என்பது "ஆற்றுமேடு வரைக்கும்" ஆகும். யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. ஆனால் சந்தேகம் வருகிறபோதெல்லாம் நினைவாளர் வீட்டுப் பிள்ளைக்குச் சாதகமாகவே நினைவு வருகிறது. கேள்வி கேட்க ஆதாரம் இல்லை. ஐந்தாவது தலைமுறையில் பழைய நூறு குடும்பங்கள் இருந்த இடத்தில் புதிய நூறு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். விழா மட்டும் ஆண்டுதோறும் விமரிசையாக நடக்கும். (அவர்களில் யாரோ ஒருவர் மறதிக்குப் பயந்து நிலவறையில் ரகசியமாகக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார் என்று வையுங்கள். அந்த அத்தியாயத்துக்காகவே புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவேன்.)

இந்த நாட்டில் தடையை மீறுகிறவருக்கும் பரணில் கவிதை வேண்டாம். ரசீது போதும். கடனை அடைத்துவிட்டதாக அப்பா சொல்லிக்கொண்டே செத்தார், நினைவாளர் இல்லை என்கிறார், பெட்டிக்கு அடியில் ஏதோ கிறுக்கிய பட்டை ஒன்று கிடக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த மகன் என்னென்ன செய்வான்! விடுதலையைப் பற்றியெல்லாம் அவன் நினைத்தே இருக்க மாட்டான். வட்டி கட்டாமல் இருந்தால் போதும் அவனுக்கு.

இன்னொரு சங்கடம் முதல் தலைமுறை. தடை போட்ட அன்றே எல்லோரும் படிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதுகிறீர்கள். எப்படி நிறுத்துவது? படிக்கத் தெரிந்த கண்ணுக்கு முன்னால் எழுத்தைக் காட்டினால் அது படித்தே தீரும், நம்மைக் கேட்காது. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் 1935ல் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் அச்சிட்டுக் காட்டி, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறுகிறது. சொல்லைப் படிக்காதே என்று நமக்கு நாமே கட்டளை போட முடியவில்லை. அப்படியென்றால் தடை வந்த ஊரில் கல்வெட்டு, கடைப் பலகை, கிணற்றுச் சுவரில் செதுக்கிய பெயர் எல்லாவற்றையும் உளி வைத்துச் சிதைக்க வேண்டியிருக்கும். தப்பிய ஓர் எழுத்து கண்ணில் படும்போதெல்லாம் ஐம்பது வயதுக்காரர் தலையைத் திருப்பிக்கொள்வார். அவர் பேரன் அதே எழுத்தைப் பார்த்து, ஏதோ கோடு என்று தாண்டிப் போவான். ஒரே தெருவில் இந்த இரண்டு பேரும் நடந்து போகிற காட்சியை எழுதுங்கள், எரிகிற நூலகத்தை எழுத வேண்டியதில்லை.

காதையும் மறந்துவிடுகிறீர்கள். அப்போது ஸ்பெயின் ஆண்ட கியூபாவில், ஹவானாவின் சுருட்டு ஆலைகளில் 1865லிருந்து ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் உட்கார்ந்து நாளிதழையோ நாவலையோ உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். கேட்டவர்களில் பலருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. ஸ்பானிய ஆளுநருக்கு அதுவே பொறுக்கவில்லை, 1866லேயே தடை போட்டார். நம் பக்கத்தில் கௌதம தர்மசூத்திரம், வேதம் ஓதுவதைக் கேட்கிற சூத்திரனின் காதில் உருக்கிய உலோகத்தை ஊற்றச் சொல்கிறது. அறிவு ஏட்டில் இல்லாமல் வாயில் இருந்த சமூகம், அதனால் காதை அடைத்தது. உங்கள் நாட்டில் எழுத்து மட்டும் தடை, ஊர்க்கதை சொல்ல அனுமதி உண்டு என்றால், ஆட்சியாளர்களுக்குப் பயம் சிந்தனையைப் பற்றி அல்ல, வேறு எதைப் பற்றியோதான். அது என்ன என்று நீங்களாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாசகனிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எழுத்தில்லாமல் அரசு நடக்குமா என்ற சந்தேகம் வேண்டாம், தாராளமாக நடக்கும். இன்கா பேரரசு முடிச்சுப் போட்ட கயிறுகளில் மக்கள்தொகையும் வரியும் குறித்து வைத்தது. இங்கிலாந்தின் கருவூலமே 1826 வரை வெட்டுக்குறி போட்ட மரக்குச்சிகளில் கணக்கு வைத்துக்கொண்டிருந்தது. குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வார்கள், இரண்டையும் சேர்த்து வைத்தால் குறி பொருந்த வேண்டும். மிச்சமிருந்த குச்சிகளை 1834ல் அடுப்பில் போட்டு எரிக்கப் போய் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது தனிக் கதை. உங்கள் நாட்டுக்கும் இப்படி ஒன்று தேவை. ஆனால் ஒன்று, கயிறோ குச்சியோ, அதை ஒருவன் பார்த்துப் புரிந்துகொண்டால் அதுவும் படிப்புதான். அதற்கும் தடை வருமா? அதைத் தீர்மானிக்கிற நீதிபதியின் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

கடத்தல்காரர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அவர்களை நீங்கள் நன்றாகவே எழுதுகிறீர்கள். ஆனாலும் ரஷ்யப் பேரரசு 1865 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் அச்சிட்ட லித்துவேனிய மொழி நூல்களைத் தடைசெய்திருந்ததையும், எல்லை தாண்டி மூட்டை மூட்டையாக அவற்றைச் சுமந்து வந்தவர்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே மொழியே தடை அல்ல, அதே மொழியை ரஷ்ய எழுத்தில் அச்சிடலாம். மக்கள்தான் அதைத் தொட மறுத்தார்கள். ருமேனியாவில் 1983ல் தட்டச்சுப் பொறி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைக் காவல் துறையில் பதிவு செய்து, அதன் எழுத்து மாதிரியையும் கொடுக்க வேண்டும் என்று ஆணை வந்தது. கைரேகை எடுப்பது மாதிரி.

இது பழைய காலத்துச் சங்கதி என்று யாராவது நினைத்தால், ஆப்கானிஸ்தானில் 2021லிருந்து பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லை. எழுத்துக்கூட்டும் வரை விட்டு, அதற்கு அப்பால் மறிக்கிறார்கள். கற்பனைச் சபைகள் எதுவும் இவ்வளவு நிதானமாகக் கோடு கிழித்து நான் படித்ததில்லை.

டக்ளஸிடம் ஒருமுறை திரும்பிப் போகிறேன். சிறுவனாக இருந்தபோது முதலாளியின் மனைவி அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். முதலாளி தடுத்தார். ஏன் கூடாது என்பதையும் சிறுவனின் காதுபடவே விளக்கினார். விடுதலைக்கு வழி எது என்று அந்த விளக்கத்திலிருந்துதான் டக்ளஸ் தெரிந்துகொண்டார். பிறகு தெருப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்துப் பாடம் வாங்கினார். இதைப் பார்த்தால் கெட்டிக்கார ஆட்சி எதுவும் தடைக்குக் காரணமே சொல்லாது என்று தோன்றுகிறது. அது பழக்கம், அப்படித்தான், பெரியவர்கள் வைத்தது என்று நிறுத்திக்கொள்ளும். உங்கள் சபைத் தலைவர் ஒன்பதாம் அத்தியாயத்தில் மாடத்தில் நின்று மூன்று பக்கத்துக்கு விளக்கம் கொடுக்கிறாரே, அதைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். அவர் வாயைத் திறக்காமலே அந்த ஊர்க்காரர்கள் ஒருவர் மற்றவரிடம் சொல்லிக்கொள்கிற காரணங்களை எழுதுங்கள். நாலு பேர் நாலு விதமாகச் சொல்லட்டும், ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த கதையில் அந்த நாட்டில் ஒருவர் இறந்தால் சொத்து யாருக்கு என்று எப்படி முடிவாகிறது என்பதை முதல் இரண்டு அத்தியாயத்துக்குள் காட்டிவிடுங்கள். மகள்கள் மூன்று பேர், நினைவாளர் ஒருவர், அவருக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டியிருக்கிறது. மிச்சத்தை நான் தூங்காமல் படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்